உறையாத நாட்டில் உறைதடுப்பு நீர்

இலங்கையின் மோட்டார்ப் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் தெருக்களின் வரலாறாகவோ அரச கொள்கையின் வரலாறாகவோ எழுதப்படுவது வழக்கம். கடுகண்ணாவை மலையை வெட்டி அமைத்த கண்டி வீதி, 1958 சனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டமை, 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டமை என்பன அவ்வரலாற்றின் மைல்கற்களாகக் கொள்ளப்படும். அவ்வண்டிகளின் எஞ்சினுக்குள் எந்த நீர் ஓடிற்று, அந்நீர் எப்பொழுது வெளியேற்றப்பட்டது, எப்பொழுது வெறுமனே நிரப்பிக்கொள்ளப்பட்டது என்பன வரலாற்று வினாக்களாகத் தோன்றுவதில்லை. அவை கராஜில் வேலை செய்யும் பாஸ்மார் அறிந்திருக்க வேண்டிய சில்லறை விடயங்கள் என்றே கற்றோர் பலர் கருதுவர். ஆயின் அறுபது, எழுபது ஆண்டுப் பழைமையான கார் ஒன்று இன்றும் ஓடுவதற்கும், அதே காலத்தில் இறக்குமதியான இன்னொரு கார் பழைய இரும்பாக எடைக்கு விற்கப்பட்டமைக்கும் இடையிலான வேறுபாட்டை இச்சில்லறை விடயமே பல வேளைகளில் தீர்மானித்தது.

கொழும்பின் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பகுதிகளிலிருந்து களனி கங்கையைக் கடந்து வடக்கே செல்வோர் பேலியகொடையை அடுத்து வத்தளையை அடைவர். நீர்கொழும்பு வீதி இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. புத்தளம், அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடும்பயணத்துக்கும் இவ்வீதி ஒரு வாயிலாகும். வீதியோரத்திலும் உள்ளொழுங்கைகளிலும் உள்ள கராஜ்களில் பழைய மொரிஸ் மைனரையோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையோ காண்பது இக்காலத்தில் அரிதெனினும் இல்லாததன்று. அத்தகைய வண்டியொன்றின் ரேடியேற்றரின் அடித்திருகு திறக்கப்படும்போது முதலில் வெளிப்படுவது பல வேளைகளில் நீரன்று, செங்காவி நிறக் குழம்பு. எப்போது கடைசியாகத் தண்ணீர் மாற்றப்பட்டது என்று பாஸ் கேட்டால், உரிமையாளர் சற்று வியப்போடு, "தண்ணி குறைய விடுறேல்லை, நெடுக விட்டுக்கொண்டுதான் வாறன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விடுவதையும் மாற்றுவதையும் ஒன்றாகவே எண்ணுகின்றார். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

எரிபொருளில் அடங்கிய வெப்பத்தின் மூன்றிலொரு பங்களவே பெற்றோல் எஞ்சினில் பயன்தரும் வேலையாகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு வெளியேற, மற்றொரு பெரும்பகுதியைச் சிலிண்டர்ச் சுவர்களிலிருந்து அகற்றியாக வேண்டும். தொடக்ககால வண்டிகள் நீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கியே இதனைச் சாதித்தன. 1888இல் பேர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் அமைத்த மூன்று சில்லு வண்டியில் மன்கைமிலிருந்து போர்ட்ஸ்கைம்வரை, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்தபோது, வழிநெடுக நீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டில் வில்கெல்ம் மேபாக் 35 குதிரைவலு மெர்சிடிஸ் வண்டிக்கு எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்களாலான தேன்கூட்டு ரேடியேற்றரை அமைத்தார். அதன் பின்னரே ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுதல் நடைமுறையாயிற்று. 1908இல் வெளிவந்த போர்ட் ரி வண்டி, மிகத் தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, நீர்ப்பம்பி இன்றியே இயங்கிற்று. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் எளிய உண்மையை நம்பியே அதன் நீர் சுழன்றது. நீர் மட்டம் சற்றுக் குறைந்தாலும் இச்சுழற்சி அறுந்துவிடும். எனவே ஓட்டுநர் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து பார்த்து நீர் விடுதலை முதற் கடமையாகக் கற்றுக்கொண்டனர். தந்தையிடமிருந்து மகன் கற்ற பழக்கம் இது. நீர்ப்பம்பியும் அமுக்க மூடியும் வந்த பின்னரும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

குளிர்நாடுகளில் இப்பழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ ஒன்பது வீதம் விரியும். வார்ப்பிரும்பாலான எஞ்சின் தொகுதி அவ்விரிவைத் தாங்காது வெடிக்கும். ஆகவே மாரிகால இரவுகளில் வண்டியை நிறுத்துவோர் அதன் நீர் முழுவதையும் வடித்துவிட்டு மறுநாட் காலையில் மீண்டும் நிரப்பினர். ரேடியேற்றரின் அடியிலும் எஞ்சின் தொகுதியின் பக்கத்திலும் திருகுகுழாய்கள் பொருத்தப்பட்டமைக்கு இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வடிக்க விரும்பாதோர் மதுசாரத்தையோ கிளிசரீனையோ கலந்தனர். மதுசாரம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். கிளிசரீன் தடித்துவிடும். 1850களிலேயே பிரெஞ்சு இரசாயனவியலாளர் வூர்ட்ஸ் தொகுத்திருந்த எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவம் 1927இல் அமெரிக்காவில் பிரெஸ்ரோன் என்னும் பெயரோடு சந்தைக்கு வந்தபோது இச்சிக்கல் தீர்ந்தது. சரிபாதி நீர் கலந்தால் அது சைபருக்குக் கீழ் 37 பாகை செல்சியசுவரை உறையாது. வணிகர் அதனை உறைதடுப்பு நீர் என்றே விற்றனர். குளிருக்கு அஞ்சிய மக்களுக்கு அப்பெயர் போதுமாயிருந்தது.

அப்பெயரே வெப்ப நாடுகளில் பெருந்தவறுக்கு வித்திட்டது. பிரித்தானிய வண்டிகளோடு இலங்கைக்கு வந்த கைந்நூல்கள் உறைதடுப்பு நீரையும் வடிகுழாய்களையும் உறைபனிக்கால முன்னெச்சரிக்கையாகவே எடுத்துரைத்தன. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அப்பக்கங்களைப் படித்தவர், தமக்குரியதன்று எனப் புரட்டிவிட்டதில் வியப்பில்லை. நுவரெலியாவில் சனவரி, பெப்ருவரி மாதங்களில் புல் நுனியில் உறைபனி படிவதுண்டு. எஞ்சின் நீரை உறையவைக்கும் குளிர் அங்கும் இல்லை. ஆகவே உறைதடுப்பு நீர் வேண்டாம் என்னும் முடிவு தருக்கத்துக்கு ஒத்ததே. அத்துடன் வடிகுழாயைத் திறக்கும் தேவையும் இல்லை என்னும் முடிவும் சொல்லாமலே வந்து சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத குழாயின் வாயைக் கறளும் சேறும் அடைத்தன. பழைய வண்டியொன்றில் எஞ்சின் தொகுதியின் திருகை முற்றாகக் கழற்றிய பின்னும் ஒரு துளி நீர்கூட வராதிருப்பதைப் பாஸ்மார் நன்கறிவர். கம்பியொன்றை உட்செலுத்திக் கிண்டினால்தான் உள்ளிருப்பது வெளிவரும்.

உறைதடுப்பு நீர் குளிருக்கு மட்டுமுரியதன்று என்பதற்கான சான்று கொழும்பின் வானத்திலேயே ஒருமுறை காணப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, சப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் வானூர்திகள் எதிர்த்தெழுந்தன. அவற்றின் மெர்லின் எஞ்சின்களைக் குளிர்வித்தது கிளைக்கோல் கலந்த நீர். வானூர்திப் பொறியியலாளர் கிளைக்கோலை நாடியமைக்கு வான்வெளிக் குளிர் மட்டும் காரணமன்று. அது நீரினும் உயர்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஆதலால் எஞ்சினைக் கூடிய சூட்டில் இயக்கி, ரேடியேற்றரைச் சிறிதாக்கி, காற்றின் தடையைக் குறைக்க இயலும் என்பதே அவர்களது முதன்மை நோக்கம். வானூர்தித் துறை வெப்பத்துக்காக ஏற்றுக்கொண்ட திரவத்தை மோட்டார்ச் சந்தை குளிருக்காக விற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. போர் முடிந்த பின் இலங்கைக்கு வந்த கார்களுக்கு இப்பாடம் எட்டவில்லை.

சரிபாதிக் கலவை கடல் மட்டத்தில் ஏறத்தாழ 107 பாகையிற் கொதிக்கும். அமுக்க மூடி சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கத்தைக் கூட்டுந்தோறும் கொதிநிலை ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலாக உயரும். மலைநாட்டிலோ நிலைமை எதிர்மாறானது. நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். குளிருக்காக யாரேனும் உறைதடுப்பு நீரை நினைக்கக்கூடிய அந்த ஊருக்கே, அங்கு ஏறும் வண்டிகளின் சூட்டைத் தணிக்க அது தேவைப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்திலும் இறம்பொடை வளைவுகளிலும் முகமூடியைத் திறந்து ஆவி பறக்க நின்ற வண்டிகளைக் கண்ட தலைமுறையினர், அதனை வண்டியின் இயல்பென்றே எண்ணினர்.

கொதிநிலையினும் முக்கியமானது வேறொன்று. விற்கப்படும் கூலன்ற் வெறுங் கிளைக்கோல் அன்று. வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை, ஈயப் பற்றாசு, அலுமினியம் ஆகிய உலோகங்கள் ஒரே நீரில் தோய்ந்திருக்கும்போது அவற்றிடையே மின்னிரசாயன அரிப்பு நிகழும். நீரிற் கரைந்த ஒட்சிசன் இரும்பைக் கறளாக்கும். இவற்றைத் தடுக்கச் சிலிக்கேற்று, பொசுபேற்று, போரேற்று போன்ற உப்புகள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. இத்தடுப்பிகள் தம்மைச் செலவழித்தே உலோகத்தைக் காக்கின்றன. ஆகவே திரவம் தெளிவாகத் தோன்றினும் ஈராண்டளவில் அதன் காப்பு தீர்ந்துவிடும். கிளைக்கோலும் நாட்பட ஒட்சியேற்றமடைந்து அமிலமாகி, தான் காக்க வந்த உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். நிறம் மாறாமை நலத்தின் அறிகுறியன்று என்பதைப் பலர் இன்றும் அறியார்.

இனி, நீரின் கதைக்கு வருவோம். கூலன்ற் இல்லாதவிடத்து எஞ்சினுக்குள் ஓடியது அந்தந்த ஊர் நீர். ஊருக்கு ஊர் நீர் வேறு. 1886 முதல் கொழும்பு நகருக்கு லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் நீர் வந்தது. காட்டு நிலத்தில் திரண்ட அம்மென்னீரில் கரைந்த உப்புகள் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கற்பாறையினூடு ஊறுவது. தேநீர்க் கேத்தலின் உட்புறத்தில் வெண்படையாகப் படியும் அதே சுண்ணாம்பு சிலிண்டர்ச் சுவரின் மறுபுறத்திலும் படியும். அப்படை வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பினும் பன்மடங்கு தாழ்ந்தது. ரேடியேற்றர் நிறைய நீரிருந்தும் எஞ்சின் கொதிப்பதன் மருமம் இதுவே. கொழும்பில் நிரப்பி யாழ்ப்பாணத்தில் குறைவை ஈடுசெய்து மீண்டும் கொழும்புக்கு வந்த வண்டி இருவகை நீரையும் உட்கொண்டது.

வத்தளையின் நிலை இவ்விரண்டினும் வேறானது. கடல், களனி கங்கை, கால்வாய், சதுப்புநிலம் ஆகியவை சூழ்ந்த இப்பகுதியில் கிணற்று நீரின் உவர்த்தன்மை இடத்துக்கிடமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும். வறட்சிக் காலத்தில் கடல்நீர் களனியின் அடிப்பகுதியினூடு மேலேறி வருவதால், அம்பத்தளை நீரெடுப்பு நிலையத்தைக் காக்க ஆற்றின் குறுக்கே உவர்த்தடை அமைக்க வேண்டியிருந்தது. உவரின் கொடுமையை இப்பிரதேசம் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்தது. வடக்கே பரந்து கிடக்கும் முத்துராசவெல கோட்டை அரசர் காலத்தில் நெல்விளைந்த நிலம் எனப்படும். அரசச் செல்வத்தின் வயல் என்னும் பொருள்பட வழங்கும் அதன் பெயரும் இதனையே சுட்டுகின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் போக்குவரத்துக்காக வெட்டிய கால்வாய்களினூடு உவர்நீர் வயல்களுட் புகுந்தது. அவ்வுவரை வடித்துவிடும் நோக்கோடு ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த கால்வாயே இன்று வத்தளை, ஹெந்தளை ஊடாக நீர்கொழும்புக் களப்பை நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாய். கால்வாய் வெட்டப்பட்டது. வயல் மீளவில்லை. கடலோடு தொடர்புற்ற கால்வாய், வடித்த உவரைத் திரும்பவும் கொண்டுவந்தது.

ரேடியேற்றரில் நிகழ்வதும் இத்தகையதே. எஞ்சின் சூட்டில் நீர் மட்டுமே ஆவியாகின்றது. அதில் கரைந்த உப்பு உள்ளேயே தங்குகின்றது. குறைந்த நீருக்கு ஈடாக மீண்டும் கிணற்று நீர் விடப்படும்போது புதிய உப்பும் புதிய ஒட்சிசனும் உட்செல்கின்றன. புத்தளத்திலும் ஆனையிறவிலும் பாத்திகட்டி வெயிலில் உப்பு விளைவித்தவர்கள் செய்ததும் இதுவே. நாள்தோறும் கவனமாக நீர் விட்டுவந்த உரிமையாளர், தம்மையறியாமலே எஞ்சினுக்குள் ஓர் உப்பளம் நடத்திவந்தார். எவ்வளவு கவனமோ அவ்வளவு உப்பு. குளோரைட்டு மிகுந்த நீரில் இரும்பு விரைந்து கறள்பிடிக்கும். அலுமினியத்திலோ ஊசித்துளைகள் தோன்றும்.

இவ்வளவும் நிகழ்ந்தும் அக்கால வண்டிகள் எவ்வாறு தாக்குப்பிடித்தன என்னும் கேள்வி எழும். 1948இல், இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், மொரிஸ் மைனர் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் இலங்கைக்கு வந்தவை ஆசிரியர், எழுதுவினைஞர், மருத்துவர் முதலிய நடுத்தர வகுப்பினரின் கையை அடைந்தன. அதன் எஞ்சின் தொகுதியும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பாலானவை. சுவர்கள் தடித்தவை. ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். கறள் தின்னத் தின்ன இன்னும் இரும்பு எஞ்சியிருந்தது. (நீரே தேவைப்படாத, காற்றால் குளிர்விக்கப்படும் வொல்க்ஸ்வாகனை வாங்கியோர் இத்தொல்லையின்றித் தப்பினர் என்பதையும் சொல்லவேண்டும்.) பின்னர் 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977வரை ஏறத்தாழ ஒன்றரைத் தசாப்தம் புதிய கார் என்பது பெரும்பான்மையோர்க்கு எட்டாப் பொருளாயிற்று. இருந்த வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழியில்லை. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் பெருகின. அங்கு கிடையாததைக் கடைசற்காரர் செய்துகொடுத்தனர். பின்னாளில், 1990களில், மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் நிலையும் வந்தது. பற்றாக்குறை ஒரு நாட்டுக்குக் கற்பித்த கைத்திறனுக்கு இது நல்ல சான்று.

ஆயின் அக்கைத்திறன் பழுதைத் திருத்துவதில் வளர்ந்த அளவு பழுதைத் தடுப்பதில் வளரவில்லை. அடைபட்ட ரேடியேற்றரை இறக்கி, மேல்தாங்கியைப் பற்றாசு உருக்கிப் பிரித்து, தட்டைக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் மெல்லிய தகட்டுக்கம்பியைச் செலுத்தித் துப்புரவாக்கி, மீண்டும் பற்றவைக்கும் பாஸ்மாரின் வேலை நுட்பம் வாய்ந்தது. அதே வண்டியின் எஞ்சினுக்குள் மறுநாளே பழைய கிணற்று நீர் ஊற்றப்பட்டது. கூலன்ற் இறக்குமதிப் பொருள். அரிசியும் மாவும் பங்கீட்டில் விற்கப்பட்ட காலத்தில் குளிர்நாட்டுத் திரவமொன்றுக்குச் செலாவணி கேட்பார் யார்?

வடக்கில் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 1990இன் பின் போரும் பொருளாதாரத் தடையும் பெற்றோலை அரும்பொருளாக்கியபோது, யாழ்ப்பாணத்தில் 1950களின் ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் தாழ்ந்த அமுக்கவிகிதமே இதனை இயலச் செய்தது. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு எஞ்சின் நன்கு சூடாயிருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் ஓடிய உழவு இயந்திரங்களுக்கு ரேடியேற்றரின் முன் திரைபோட்டுச் சூட்டைக் காத்தது இதனாலேயே. குறைந்தால் எரிபொருள் எரியாது, கூடினால் எஞ்சின் அடிக்கத் தொடங்கும். அந்த ஒடுங்கிய இடைவெளியில், சுண்ணாம்புப்படை கொண்ட எஞ்சினோடு, நோயாளரையும் இடம்பெயர்ந்தோரையும் ஏற்றிச் சென்ற ஓட்டுநரின் அறிவு எந்தக் கைந்நூலிலும் எழுதப்பட்டதன்று.

1977இன் பின் சப்பானிய வண்டிகள் பெருந்தொகையாக வந்தன. கொரோலா, சனி முதலிய அவ்வண்டிகளின் எஞ்சினில் தொகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். நிறையைக் குறைத்த இம்மாற்றம் நீரின் பிழையைப் பொறுக்கும் தன்மையையும் குறைத்தது. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியத் தலை வளையும். வளைந்தால் இடைத்தகடு எரியும். உவர்நீர் அதன் நீர்வழிகளின் ஓரங்களைத் தின்னும். மைனரை முப்பதாண்டு தாங்கவைத்த அதே பழக்கம் சப்பானிய வண்டியைச் சில ஆண்டுகளில் கராஜுக்கு அனுப்பியது. "யப்பான் சாமான் வலுவில்லை" என்னும் தீர்ப்பைச் சொன்னவர்கள் பலர். குற்றம் சாமானில் இல்லை. இந்நிலையிலேதான் கூலன்ற் என்னும் சொல் உறைதடுப்பு நீர் என்பதன் இடத்தைப் பிடித்தது. பெயர் மாறிய பின்னரே பொருள் விளங்கிற்று எனலாம்.

பெயரின் குழப்பம் தீர, நிறத்தின் குழப்பம் பிறந்தது. 1990களின் நடுப்பகுதியில் சேதன அமிலத் தடுப்பிகள் கொண்ட, நீண்டகாலம் உழைக்கும் புதிய வகைத் திரவங்கள் வந்தன. செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா எனப் பல நிறங்களில் அவை விற்கப்படுகின்றன. நிறம் வெறுஞ் சாயமே. அதற்கென உலகப் பொதுவிதி எதுவுமில்லை. ஈயப் பற்றாசும் பித்தளையும் கொண்ட பழைய வண்டிகளுக்குச் சிலிக்கேற்று முதலிய பழைய தடுப்பிகள் கொண்ட திரவமே ஏற்றதெனப் பழைய வண்டிகளைப் பேணுவோர் அறிவுறுத்துவர். புதியதையும் பழையதையும் கலந்தால் தடுப்பிகள் ஒன்றையொன்று கெடுத்துப் பாகாகத் திரள்வதுண்டு.

வடித்து மாற்றும் வேலை தோற்றத்தில் எளியது. எஞ்சின் முற்றாக ஆறியிருத்தல் வேண்டும். அமுக்கத்திலுள்ள சூட்டுநீர் மூடி திறந்த கணத்தில் கொதித்தெழுந்து முகத்தை வேகவைக்கும். ரேடியேற்றரின் திருகு, தொகுதியின் திருகு இரண்டும் திறக்கப்பட வேண்டும். முன்னதை மட்டும் திறப்பவர் கணிசமான பழைய நீரை எஞ்சினுக்குள்ளேயே விட்டுவிடுகின்றார். பலர் செய்யும் பிழை இதுவே. வெப்பநிறுத்தியைக் கழற்றி, நீரோட்டம் வழமையாகச் செல்லும் திசைக்கு எதிராக மென்னீரைச் செலுத்தினால் ஆண்டுக்கணக்கிற் படிந்த சேறு பெயரும். மிகப் பழைய எஞ்சினில் வலுமிக்க இரசாயனக் கழுவிகளைப் பயன்படுத்துவோர் சற்றுத் தயங்குதல் நன்று. சில இடங்களில் கறளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கழுவிய பின் ஒழுகத் தொடங்கினால் பழி பாஸின் தலையில் விழும். வெப்பநிறுத்தியை மீண்டும் பொருத்தாமல் எறிந்துவிடுவது இந்நாட்டில் நெடுங்காலம் பரவியிருந்த வழக்கம். சூட்டு நாட்டுக்கு அது வேண்டாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். உறைதடுப்பு நீரைத் தள்ளிவைத்த அதே நியாயந்தான். நிறுத்தியற்ற எஞ்சின் உரிய சூட்டை அடையப் பிந்துவதால் எரிபொருளை வீணாக்குவதோடு விரைந்தும் தேயும்.

நிரப்பும்போது தூய கிளைக்கோலை அப்படியே ஊற்றுவோரும் உளர். நல்லதைக் கூட விட்டால் இன்னும் நல்லது என்று எண்ணுகின்றனர் போலும். தூய கிளைக்கோல் வெப்பத்தைச் சுமப்பதில் நீரினும் மிகத் தாழ்ந்தது. உறைதலிலும் கலவையினும் குன்றியது, சைபருக்குக் கீழ் 13 பாகையளவிலேயே உறைந்துவிடும். சரிபாதி, அல்லது நம் காலநிலைக்குச் சற்றுக் குறைவாகக் கலத்தல் போதும். மூன்றிலொரு பங்குக்குக் கீழே போனால் கறள்தடுப்பிகள் மிக ஐதாகிவிடும். கலக்கும் நீர் காய்ச்சி வடித்த நீராயிருத்தல் வேண்டும். மற்றரிக்கு விடும் நீர் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். மொரிஸ் மைனர் அளவான காருக்கு மொத்தம் ஐந்து லீற்றரளவு. நிரப்பிய பின் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக்குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்து குறைவை நிரப்ப வேண்டும்.

2020இல் அந்நியச் செலாவணி காரணமாக வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இன் நெருக்கடியில் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ருவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. ஒதுக்கிவைத்திருந்தவை திரும்பவும் தெருவுக்கு வந்தன. 1960களின் நிலைமையே வேறு வடிவில் மீண்டது. ஆனால் இம்முறை பேணப்பட வேண்டியவை தடித்த இரும்பு எஞ்சின்கள் அல்ல. அலுமினிய எஞ்சின்களும், பிளாத்திக்குத் தாங்கிகள் கொண்ட ரேடியேற்றர்களும். இவற்றுக்குப் பிழை பொறுக்கத் தெரியாது. கூலன்ற் விலையும் எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறியதால் குழாய் நீருக்குத் திரும்பியோரும் இருந்தனர்.

இன்னுமொன்று உண்டு. வடித்த திரவம் எங்கே போகின்றது? எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது, கொடிய நஞ்சு. உடலினுள் அது ஒட்சாலிக்கமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழிக்கும். ஏறத்தாழ நூறு மில்லிலீற்றர் ஒரு வளர்ந்த மனிதரைக் கொல்லப் போதும். இனிப்பை நாடி நக்கும் நாய்க்கோ சில கரண்டியே போதும். பழைய எஞ்சினிலிருந்து வருவதில் பற்றாசின் ஈயமும் கலந்திருக்கும். மூடியுள்ள கலனில் சேர்த்து ஒப்படைக்க வேண்டிய அத்திரவம் பல இடங்களில் முற்றத்து மண்ணிலோ தெருவோர வடிகாலிலோ ஊற்றப்படுகின்றது. வத்தளைப் பக்கத்து வடிகால்களிற் பல ஹமில்டன் கால்வாயைச் சேர்கின்றன. கால்வாய் வடக்கே, 1996இல் அதன் ஒரு பகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட முத்துராசவெலயின் ஓரமாக, நீர்கொழும்புக் களப்பை நோக்கிச் செல்கின்றது.